வரதய்யபாளையம்: தொழிற்காலத்து அரசியல், சமூக மாற்றங்கள்

வரதய்யபாளையம் ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே உள்ள மண்டலத் தலைமையூர். தடாவிலிருந்து ஸ்ரீகாளஹஸ்திக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி மாவட்டம் உருவாகும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஏரிப்பாசன நெல்லும் மானாவாரி நிலக்கடலையும் விளைந்த இவ்வட்டாரம், 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தால் வாகனமும் கைப்பேசியும் மெட்ரோ ரயில் பெட்டியும் தயாராகும் இடமானது. இம்மாற்றத்தின் வேர், 1960-இல் திருத்தப்பட்ட மாநில எல்லையிலும், இரு நூற்றாண்டுகளாக நிலவுரிமை கைமாறிவந்த விதத்திலும் இருக்கிறது.

ஜமீனும் பட்டாவும்

கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. அடுத்த ஆண்டு முதல் சென்னை மாகாணத்தில் நிரந்தரத் தீர்வை நடைமுறைக்கு வந்தது. பாளையக்காரர்கள் சிலர் ஜமீன்தார்களாயினர். எதிர்த்த சித்தூர்ப் பாளையக்காரர்களைக் கம்பெனிப் படை அடக்கியது. இவ்வட்டாரத்தின் பெரிய ஜமீன் காளஹஸ்தி. 1639-இல் சென்னைக் கோட்டைக்கு ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்த தாமர்ல குடும்பத்தாருடைய ஜமீன் அது. அதன் கிராமங்கள் வட ஆர்க்காடு, நெல்லூர், செங்கல்பட்டு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவியிருந்தன. 1911-இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது.

1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் முறையை முடித்து, ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தது. ஆயினும் கிராமக் கணக்குகள் பரம்பரைக் கர்ணங்களின் கையிலேயே இருந்தன. எந்த வயல் யார் பெயரில் உள்ளது, எது மேய்ச்சல் புறம்போக்கு, எதில் யார் அனுபோகம் என்பதெல்லாம் கர்ணத்தின் அடங்கல் பதிவேட்டைப் பொறுத்தே முடிவாயின. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980-இலும், ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் அரசு 1984 ஜனவரியிலும் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை அவசரச் சட்டத்தின் மூலம் ஒழித்தன. 1985-இல் ஆந்திரத்தில் தாலுகாக்கள் சிறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன. வரதய்யபாளையம் மண்டலத் தலைமையூரானது இந்த ஏற்பாட்டால்தான்.

எல்லைப் பிரச்சினை

பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-இல் உண்ணாவிரதத்தில் இறந்ததையடுத்து, 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டது. தமிழர் மிகுந்த தாலுகாக்களை மீட்க ம.பொ.சி., மங்கலங்கிழார், கே. விநாயகம் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். ஹெச்.வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். அவருடைய பரிந்துரைப்படி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஈடாக, செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு சார்ந்த பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது.

எல்லை மாறினாலும் பேச்சுவழக்கும் கொள்வினை கொடுப்பினையும் மாறவில்லை. சத்தியவேடு, நாகலாபுரம் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்குகின்றன. சந்தைக்கும் மருத்துவத்துக்கும் மக்கள் கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் செல்கின்றனர். நிர்வாகத்துக்கு ஒரு மாநிலம், பிழைப்புக்கு இன்னொரு மாநிலம் என்ற இந்த இரட்டை வாழ்க்கை பின்னாளில் தொழில்முதலீட்டுக்குச் சாதகமாயிற்று.

1983-இல் என்.டி. ராமராவும் எம்.ஜி.ஆரும் கையெழுத்திட்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தம் எல்லையைத் தாண்டிய அடுத்த இணைப்பு. கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்கு வரும் 177 கி.மீ. நீளக் கால்வாய் இவ்வட்டாரத்தின் வழியாகச் சென்று ஊத்துக்கோட்டை அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. 1996-இல் கிருஷ்ணா நீர் பூண்டியை எட்டியது.

ஸ்ரீசிட்டி

சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. தொடர்ந்து, சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலக் கிராமங்களில் ஆந்திரத் தொழில் உள்கட்டமைப்புக் கழகத்தின் வழியே நிலம் கையகப்படுத்தப்பட்டது. 2008 ஆகஸ்ட் 8-இல் முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஸ்ரீசிட்டியைத் தொடங்கிவைத்தார். சென்னைக்கு வடக்கே சுமார் 55 கி.மீ. தொலைவில் உள்ளது; கொல்கத்தா நெடுஞ்சாலை, தடா ரயில் நிலையம், சென்னை, எண்ணூர், கிருஷ்ணபட்டினம் துறைமுகங்கள் ஆகிய அனைத்தும் எட்டும் தூரம். ஆந்திர அரசின் நிலமும் சலுகையும், சென்னையின் துறைமுகமும் உதிரிப்பாகத் தொழிலும் ஓரிடத்தில் கூடின.

சென்னை மெட்ரோவுக்கு ஆல்ஸ்டாம் நிறுவனம் தரவேண்டியிருந்த 42 ரயில்களில் முதல் 9 பிரேசிலிலிருந்து வந்தன. மீதி 33 ஸ்ரீசிட்டியில் தயாராயின. கொச்சி மெட்ரோவுக்கும் ஆஸ்திரேலியாவின் சிட்னி மெட்ரோவுக்கும் பெட்டிகள் இங்கிருந்தே சென்றன. 2015-இல் ஃபாக்ஸ்கான் ஆலை ஷாவ்மி கைப்பேசிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. இசுசூ வாகன ஆலை 2016 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வரதய்யபாளையம் மண்டலத்தின் சின்ன பாண்டூரில் அப்பல்லோ டயர்ஸ் ஆலைக்கு 2018 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஜூனில் முதல் டயர் வெளிவந்தது. இந்தியாவில் அந்நிறுவனத்தின் 5-ஆவது ஆலை இது. ஸ்ரீசிட்டியில் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் கிரியா பல்கலைக்கழகமும் இயங்குகின்றன.

நிலம் இழந்தோர்

கையகப்படுத்தலில் பட்டாதாரரும் ஒப்படை நிலக்காரரும் ஒரே நிலையில் இல்லை. தர்காஸ்து பட்டா எனப்படும் ஒப்படை நிலம், நிலமற்ற ஏழைகளுக்கு, அதிலும் பெருமளவில் தலித் குடும்பங்களுக்கு, அரசு கொடுத்தது. அதை உழுது பயிரிடலாம்; வாரிசுக்கு விடலாம்; விற்க அப்போது அனுமதியில்லை. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய விற்பனையைத் தடைசெய்தது. பொதுக் காரியத்துக்கு வேண்டுமென்றால் அரசே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஒப்படையின் நிபந்தனை. அப்படி எடுக்கும்போது பட்டா நிலத்துக்குச் சமமான இழப்பீடு தரவேண்டும் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2004-இல் மேகல பாண்டு வழக்கில் தீர்ப்பளித்தது. எந்தக் காகிதமும் இல்லாமல் புறம்போக்கில் ஆடுமாடு மேய்த்தவர்களுக்கும், பிறர் நிலத்தில் நடவு, களையெடுப்புக் கூலிக்குப் போன பெண்களுக்கும் இந்தப் பாதுகாப்பு எட்டவில்லை.

தொழில் வளர்ச்சியோடு ஏழைகள் நிலத்தை இழப்பது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று; ஸ்பெயினின் 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றிலும் நிலமே முதலில் கைமாறியது. 1836-இல் பிரதமர் மென்டிசாபல் திருச்சபை நிலங்களை ஏலத்தில் விட்டார். 1855-இல் நிதியமைச்சர் மடோஸின் சட்டம் ஊர்ப் பொதுநிலங்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பணமுள்ளோர் வாங்கினர், மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பொதுநிலத்தை நம்பியிருந்த ஏழைகள் கைவிடப்பட்டனர்.  அங்கும் ஆலைகள் தலைநகர் மாட்ரிட்டைவிடக் கடலும் பிரெஞ்சு எல்லையும் அருகிலுள்ள கட்டலோனியாவிலும் பாஸ்க் பகுதியிலும்தான் செறிந்தன. ஆனால் கட்டலோனிய நெசவாலைகளை வளர்த்தது பெரும்பாலும் உள்ளூர் முதல். ஸ்ரீசிட்டியின் பெரிய ஆலைகளுக்கு ஜப்பான், பிரான்ஸ், தைவான் முதலிய நாடுகளிலிருந்து முதல் வந்தது.

வேலையும் சமூகமும்

கைப்பேசி ஆலைகளில் பெண்களே பெரும்பான்மை. ஷிப்டு மாறும் நேரத்தில் நிறுவனப் பேருந்துகள் கிராமந்தோறும் நின்று, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இளம்பெண்களை ஏற்றிச் செல்கின்றன. நாற்று நடப் போன தாயின் கூலி வீட்டுச் செலவோடு கரைந்தது. மகளின் சம்பளம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறது. படிப்பைத் தொடர்வது, கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது போன்ற முடிவுகளில் அவளுடைய பேச்சும் எடுபடத் தொடங்கியுள்ளது. மறுபுறம், ஒப்பந்த வேலையின் நிலையின்மையும் வாடகை ஏற்றமும் குடும்பங்களை அழுத்துகின்றன. வட மாநிலத் தொழிலாளர்களும் இங்கு வேலை செய்கின்றனர்.

ஆலைக்கு வெளியே, வெளியூர்ப் பயணிகளை நம்பிய ஒரு பொருளாதாரமும் உருவானது. பத்தலவல்லத்தில் 2008-இல் திறக்கப்பட்ட கல்கி பகவான் ஆசிரமக் கோயிலுக்கும், கம்பாக்கம் மலையின் உப்பலமடுகு அருவிக்கும் வெளியூரார் வருகின்றனர்.

அரசியல்

வரதய்யபாளையம், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட சத்தியவேடு சட்டமன்றத் தொகுதியிலும் அவ்வாறே ஒதுக்கப்பட்ட திருப்பதி மக்களவைத் தொகுதியிலும் அடங்குகிறது. முன்பு ஏரி மராமத்து தேர்தல் பேச்சாக இருந்த வட்டாரத்தில் உள்ளூராருக்கு வேலை என்ற கோரிக்கை முன்னுக்கு வந்தது. ஆலை வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கும் சட்டத்தை ஆந்திரச் சட்டமன்றம் 2019 ஜூலையில் நிறைவேற்றியது. அதன்படி மாநிலத்தின் மறுகோடியிலுள்ள ஸ்ரீகாகுளத்தாரும் உள்ளூராரே. அடுத்துள்ள, தமிழகத்தைச் சேர்ந்த கும்மிடிப்பூண்டிக்காரர் வெளியூரார். சட்டம் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. சென்னையின் அண்மையால் வளர்ந்த தொழிற்பகுதியில், வேலைக்கு உரியவர் யார் என்பதை 1960-இன் எல்லைக்கோட்டைக் கொண்டே அச்சட்டம் வரையறுத்தது.