மணல் தட்டு முதல் அட்டைப் பெட்டி வரை: சென்னைப் பிள்ளைகள் வாசிக்கக் கற்ற கதை

முன்னுரை

நான் திருவொற்றியூர்க்காரன். இப்போது டீச்சர் டிரெய்னிங் படிக்கிறேன். பயிற்சிக்காகப் போன ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தமிழ்ப் பாடம் வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று வாசித்தான். அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காட்டியதும் வாயடைத்துப் போனான். முதல் பக்கம் மனப்பாடம்! ஐந்து வருடம் தவறாமல் பள்ளிக்கு வந்த பிள்ளை அவன். தவறு எங்கே நடந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது சென்னையின் பழைய வரலாறு ஒன்று கிடைத்தது. அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மணலில் எழுதிய பிள்ளைகள்

1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஒருநாள் குதிரையில் போகும்போது, நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் அக்கறை காட்டவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். அவன் நன்றாகவே சொல்லிக் கொடுத்தான்.

1797-ல் இதைப் பற்றி பெல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். பெரிய மாணவன் சின்ன மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து எங்கும் பரவியது. காரணம் எளிது, செலவு குறைவு. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். ஆனால் சட்டாம்பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒப்பிக்க வைப்பதுதான். புரிந்ததா என்று பார்க்க ஆள் இல்லை. கடைசியில் 1846-ல் இங்கிலாந்து அரசே சம்பளம் கொடுத்து, ஐந்து ஆண்டுகள் பயிற்சி தந்து, தேர்வு வைத்து ஆசிரியர்களை உருவாக்கும் திட்டத்துக்கு மாறியது.

மன்றோ சொன்னது

இதற்கு இருபது ஆண்டுகள் முன்பே சென்னையில் ஒருவர் இதைச் சொல்லிவிட்டார். அவர் கவர்னர் தாமஸ் மன்றோ. 1822-ல் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள் இருப்பது தெரிந்தது. ஆனால் ஆசிரியருக்குக் கிடைக்கும் வருமானம் சொற்பம் என்பதையும் அவர் கண்டார். சென்னையில் ஆசிரியர்களுக்கென ஒரு பள்ளி வேண்டும், அவர்களுக்கு அரசே சம்பளம் தர வேண்டும் என்று 1826-ல் எழுதினார். அடுத்த ஆண்டே காலராவில் இறந்துபோனார். அரசின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1856-ல்தான் சென்னையில் தொடங்கியது. அதுதான் இன்றைய சைதாப்பேட்டைக் கல்லூரி.

அட்டைப் பெட்டி வந்தது

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில், கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை இது. ஒவ்வொரு பாடமும் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சுவரில் ஏணிப் படம் இருக்கும். பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வொரு படியாக ஏறும். தரையில் பாய், கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒருநாள் வராத பிள்ளையும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடலுக்குப் போகும் குடும்பங்களும் கூலிக் குடும்பங்களும் நிறைந்த நம் பகுதிக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள்!

விரைவிலேயே எல்லா மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இது வந்தது. ராயபுரம் மாநகராட்சிக்குள் இருந்தது. ஆனால் திருவொற்றியூரும் எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தின் தனி நகராட்சிகள். 2011-ல்தான் மாநகராட்சியில் சேர்ந்தன. அதனால் எங்கள் பக்கத்துக்கு இந்த முறை, 2007-08-ல் மாநிலம் முழுவதும் சுமார் 37,000 பள்ளிகளுக்கு விரிந்த அலையில்தான் வந்தது.

13 பள்ளியில் தொடங்கியது நாலைந்து ஆண்டில் 37,000 பள்ளி! அட்டைகளை அச்சடித்து லாரியில் அனுப்பிவிடலாம். பயிற்சியை அப்படி அனுப்ப முடியுமா?

நான் படித்த பள்ளியிலும் அட்டைகள் இருந்தன. ஒரு டீச்சர் பாயில் எங்களோடு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் வாசிக்க வைத்துக் கேட்பார். எனக்குத் தமிழ் வந்தது அவரால்தான். அடுத்த வருடம் வேறு வகுப்பு. அட்டை கிழிந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே வரும். பள்ளி ஒன்று, அட்டையும் ஒன்று, ஆனால் பலன் வேறு.

எண்ணும் எழுத்தும்

கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் நமக்குப் பக்கத்திலேயே, திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் பள்ளி. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். 2025-க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்பதே அன்று வைத்த இலக்கு. நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு பிள்ளை அரும்பா மொட்டா என்று கண்டுபிடிப்பது யார்? அருகில் உட்கார்ந்து கேட்கும் ஆசிரியர்தானே!

முடிவுரை

மணல், அட்டை, பயிற்சி நூல் என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. எல்லாமே ஓரளவு நல்ல கருவிகள்தான். அவை வேகமாகப் பரவின, ஆசிரியர் பயிற்சி பின்னால் மெதுவாக நடந்து வந்தது. என் கருத்து இதுதான்: ஒரு வாசிப்புத் திட்டம் எத்தனை பள்ளிக்குப் போனது என்று எண்ணுவதை விட, எத்தனை ஆசிரியர்கள் ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, எங்கே தடுக்குகிறது என்று சொல்லத் தெரிந்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். பயிற்சியும் ஒரு நாள் கூட்டமாக முடியாமல், வகுப்பறைக்கே வந்து தொடர வேண்டும்.

அந்தப் பையனுக்கு 'கொம்பு' எழுத்துகள்தான் சிக்கல். கெ, கே, கொ, கோ எல்லாம் குழப்பம். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. ஐந்து வருடத்தில் அந்தப் பத்து நிமிடம் அவனுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் பள்ளியில் அட்டைகள் வெளியே இருந்தனவா, பீரோவில் இருந்தனவா? சொல்லுங்கள்.