முன் சஸ்பென்ஷன் (கரடுமுரடுத் தட டிரக்குகள்)

சாலையில்லா நிலத்தில் ஓடும் டிரக்கின் முன்சக்கரங்களைச் சேசிஸோடு இணைத்து, மேடுபள்ளங்களின் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு. இரு சக்கரங்களையும் ஒரே அச்சு பிணைத்தால் அது திட அச்சு. ஒவ்வொரு சக்கரமும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கினால் தனி சஸ்பென்ஷன். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஃபோர்டின் இரட்டைத் தண்டு அமைப்பு.

தொடக்கம்

தனித்தனியே ஆடும் அரை அச்சுகளை ஹான்ஸ் லெட்விங்கா 1923இல் டாட்ரா காரின் பின்புறத்தில் பொருத்தினார். பின்னர் அவை டாட்ரா லாரிகளுக்கும் வந்தன. 1941இன் வில்லிஸ் ஜீப்பில் பட்டை ஸ்பிரிங்கின் மேல் திட அச்சு இருந்தது. 1966இன் ஃபோர்டு பிராங்கோவும் 1970இன் ரேஞ்ச் ரோவரும் திட அச்சை விடாமல், முன்புறப் பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங்கை வைத்தன.

இரட்டைத் தண்டு (1965 முதல்)

1965 மாடல் எஃப்-வரிசைப் பிக்கப்புகளில் ஃபோர்டு 'டிவின் ஐ-பீம்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இது பின்சக்கர ஓட்டமுள்ள வண்டிகளுக்கானது. அடித்துருவாக்கிய இரண்டு இரும்புத் தண்டுகள் ஒன்றையொன்று கடந்து செல்லும். இடச் சக்கரத்தின் தண்டு வலப்புறத்திலும், வலச் சக்கரத்தின் தண்டு இடப்புறத்திலும் சேசிஸில் ஊன்றியிருக்கும். குறுக்கே கடப்பதால் தண்டின் நீளம் கூடுகிறது. நீளம் கூடக் கூடச் சக்கரம் ஏறி இறங்கும்போது சாயும் கோணம் குறைகிறது. எளிய இந்தக் கணக்குதான் அமைப்பின் உயிர்.

பார்னெல்லி ஜோன்ஸ் 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் பாஹா 1000 பாலைவனப் பந்தயத்தை வென்ற 'பிக் ஒலி' பிராங்கோவின் முன்புறத்திலும் இத்தகைய தண்டுகளே இருந்தன.

1980இல் இதே அமைப்பு நாலு சக்கர ஓட்டத்துக்கும் வந்தது; பெயர் 'டிவின்-டிராக்‌ஷன் பீம்'. டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) ஒரு தண்டோடு சேர்ந்தே ஆட, நடுவில் வைத்த யுனிவர்சல் ஜாயிண்ட் வழியாக மறுபுறச் சக்கரத்துக்கு விசை போனது. எஃப்-150, பிராங்கோ வண்டிகளில் காயில் ஸ்பிரிங், எஃப்-250இல் பட்டை. இவ்வண்டியின் முன்புறத்தை ஜாக்கியால் தூக்கினால் சக்கரங்களின் அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கும். இறக்கிய பிறகும் அந்த மடக்கு உடனே விடாது. வண்டியைச் சற்று உருட்டியதும்தான் சக்கரங்கள் மெல்ல விரிந்து நேராக நிற்கும்.

டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்கிறது என்ற குறை இவ்வமைப்பின் மேல் நெடுநாள் உண்டு. வடிவமே காரணம் என்பார் சிலர். தளர்ந்த ஸ்பிரிங்கும் தேய்ந்த புஷ்ஷும்தான் காரணம் என்பார் வேறு சிலர். இதை முழுமையான தனி சஸ்பென்ஷனாகக் கொள்வதா, ஆடும் அச்சின் ஒரு வகையாகக் கொள்வதா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. பழைய பிராங்கோ 1996இல் நின்றது. 1997 மாடல் எஃப்-150, கவட்டை வடிவ விஷ்போன் கைகள் கொண்ட தனி சஸ்பென்ஷனுக்கு மாறியது.

மற்ற நிறுவனங்கள்

டொயோட்டாவின் நாலு சக்கர ஓட்டப் பிக்கப் வட அமெரிக்காவில் 1980களின் நடுவிலும், ஜெனரல் மோட்டார்ஸின் அதே வகைப் பிக்கப்புகள் 1988 மாடலிலும் டார்ஷன் பாருடன் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக இயங்கும் தண்டுடன்) கூடிய தனி சஸ்பென்ஷனுக்கு வந்தன.

ஒப்பீடு

திட அச்சில் ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது மறு சக்கரம் கீழே அழுத்தப்படுகிறது. டிஃபரென்ஷியலும் அச்சோடு சேர்ந்து உயர்கிறது. ஆகவே பாறை நிலத்தில் மெதுவாக ஊர்வதற்கு அது ஏற்றது என்பது பரவலான கருத்து. தனி சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கின் கீழ்ப்பட்ட எடை குறைவு; வேகத்தில் ஸ்டீயரிங் நிதானமாக இருக்கும். ஆனால் வண்டி அமுங்கும்போது டிஃபரென்ஷியல் தரையை நெருங்கும். எது மேல் என்பது நிலத்தையும் வேகத்தையும் பொறுத்தது.

அண்மைக்காலம்

மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் 2018இலும், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 2020இலும் முன்புறத் திட அச்சைக் கைவிட்டன. 2021இல் திரும்பி வந்த பிராங்கோவிலும் தனி சஸ்பென்ஷனே. ஜீப் ராங்லரும் சுசுகி ஜிம்னியும் திட அச்சைத் தொடர்கின்றன. பழைய ஃபோர்டு தண்டுகளை வெட்டி, நீட்டி, வெல்டிங் செய்து பாலைவனத்தில் ஓட்டுவோர் இன்றும் இருக்கின்றனர்.