நீரை ஒளிப்படமெடுத்தலின் வரலாறு

ஒளிப்படக்கலைக்கு எளிதில் அடங்காத பொருள்களில் ஒன்று நீர். அது அசைந்துகொண்டே இருக்கும். ஒளியை ஊடுருவ விடும். கண்ணாடிபோல் திருப்பியும் அனுப்பும். 19ஆம் நூற்றாண்டில் இச்சிக்கல்களோடு போராடியவர்களுள் ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்களும் இருந்தனர்.

அசைவும் நேரமும்

1839இல் அறிவிக்கப்பட்ட டாகெரின் முறையில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஓடும் நீர் எண்ணற்ற முறை உருமாறிவிடும். அத்தனை உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவதால் அருவி பனிமூட்டமாகவும், அலைகடல் வழவழப்பான தரையாகவும் தோன்றின. இது அக்காலத்தில் குறையாகவே கருதப்பட்டது.

1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை இந்நேரத்தை வெகுவாகக் குறைத்தது. ஆனால் தகட்டில் பூசிய கலவை காய்வதற்குள் படமெடுத்து, உருத்துலக்கி முடிக்க வேண்டும். எனவே கடற்கரையில் படமெடுப்பவர் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துக் குப்பிகளையும் கண்ணாடித் தகடுகளையும் உடன் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

வேல்ஸின் ஸ்வான்ஸீ நகருக்கு அருகில் வாழ்ந்த நிலவுடைமையாளரும் தாவரவியல் ஆர்வலருமான ஜான் டில்வின் லெவெலின் (1810–1882) இம்முறையில் கரையில் உடையும் அலைகளைப் படமெடுத்தார். அசைவைப் பொருளாகக் கொண்ட அவருடைய படவரிசை 1855ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

வானும் கடலும்

கொலோடியன் தகடு நீல ஒளியையே மிகுதியாக உணரும். கடலுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் வானம் வெளிறி, மேகங்கள் மறைந்துவிடும். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1856–57 காலத்தில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு எதிர்ப்படங்களை அடிவானத்தில் இணைத்து அச்சிட்டார். அவற்றுள் கடலும் வானும் வெவ்வேறு பொழுதில் எடுக்கப்பட்டவையும் உண்டு.

நீருக்கு அடியில்

1856இல் இங்கிலாந்தின் வேமவுத் விரிகுடாவில், வழக்கறிஞரும் இயற்கை ஆர்வலருமான வில்லியம் தாம்சன் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துக் கடலுக்குள் இறக்கினார். நீர் ஒளியை உறிஞ்சிவிடுவதால் சுமார் 10 நிமிடம் தேவைப்பட்டது. பெட்டிக்குள் கடல்நீர் புகுந்தபோதும் தகட்டில் மங்கலான படம் எஞ்சியது. நீருக்கடியில் எடுக்கப்பட்ட முதல் ஒளிப்படமாக இது பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

கண்ணும் கேமராவும்

ஆங்கில இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன், துளி விழுந்து தெறிக்கும் வடிவங்களை இருட்டறையில் மின்பொறி ஒளியில் கண்டு பல ஆண்டுகள் கையால் வரைந்துவந்தார். அவை ஒழுங்கான, சமச்சீரான வடிவங்களாக இருந்தன. 1890களில் அதே நிகழ்வை ஒளிப்படமாக எடுத்தபோது, இதழ்கள் கோணலாகவும் இடைவெளிகள் ஏறுமாறாகவும் இருப்பது தெரிந்தது. கண் தன்னை அறியாமலே குறைகளைத் திருத்தி ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. தம் ஒளிப்படங்களை அவர் 1908இல் நூலாக வெளியிட்டார்.

இன்றைய நிலை

அன்று கருவியும் வேதிப்பொருளும் விதித்த நேரத்தை இன்று ஆர்வலர் தாமே தேர்ந்தெடுக்கிறார். 1/1000 நொடியில் அலையின் திவலைகள் தனித்தனியே உறைந்து நிற்கும். ஒரு நொடியில் அருவி பால்போல் வழியும். பகல் வெளிச்சத்தில் இந்த நீண்ட நேரத்தைப் பெற, லென்ஸின் முன் கருமை பூசிய வடிகட்டி பொருத்தப்படுகிறது. நீர்ப்பரப்பின் பளபளப்பைக் குறைத்து அடியிலுள்ள கற்களைக் காட்ட முனைவாக்க வடிகட்டி உதவுகிறது.

முதல் ஒளிப்படக்காரர்கள் நீக்கப் பாடுபட்ட பனிமூட்ட நீரை, இன்றைய ஆர்வலர்கள் முக்காலியும் வடிகட்டியும் கொண்டு முயன்று பெறுகின்றனர். எந்தப் படமும் நீரின் முழு உருவம் அன்று; கேமரா திறந்திருந்த நேரத்தில் நீர் என்ன செய்தது என்பதையே அது காட்டுகிறது.