மார்கழிப் பட்டத்து வேர்க்கடலையும் நண்பகல் ஓசோனும்

சித்தூர் மாவட்டத்து விவசாயிகளிடம் காற்று மாசு என்றால் கல் கிரஷர் தூசியும் செங்கல் சூளைப் புகையும்தான் பேச்சில் வரும். தூசி இலைமேல் படிந்து ஒளியை மறைக்கிறது, இலைத்துளைகளை அடைக்கிறது. சூளைப் புகை பட்ட மாங்காயின் நுனி கருகுவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவான உண்மை. ஆனால் இவ்விரண்டின் வீச்சும் கிரஷரையும் சூளையையும் சுற்றிய நிலங்களோடு பெரும்பாலும் நின்றுவிடும். தரைமட்ட ஓசோன் அப்படியல்ல. நிறமின்றி, தொழிற்சாலையே இல்லாத ஊர்களுக்கும் வந்து சேர்கிறது. இம்மாவட்டத்து விஜயபுரம் வட்டாரத்தில் ஓசோன் எதைத் தாக்குகிறது என்ற கேள்விக்கு என் விடை: மானாவாரிப் பயிரைவிட, கிணற்றுப் பாசனத்தில் நன்றாக வளரும் பயிரைத்தான்.

வாகனமும் அடுப்பும் எரிக்கும் எரிபொருளிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள், ஆவியாகும் கரிமச் சேர்மங்களோடு வெயிலில் வினைபுரிந்து ஓசோன் பிறக்கிறது. திருப்பதிக்கு அருகே காதங்கி என்னும் சிற்றூரில் 1993 முதல் 1996 வரை தரைமட்ட ஓசோனை அளந்தார்கள். இரவில் தணிந்து பகலில் ஏறுவதும், மார்ச்சில் உச்சம் தொட்டு ஆகஸ்டில் அடிமட்டத்துக்கு இறங்குவதும் அந்த அளவீட்டில் தெளிவாகத் தெரிந்தன.

இதைப் பயிர்க் காலத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் விதைக்கும் மானாவாரி வேர்க்கடலை, மேகம் மூடிய, ஓசோன் குறைந்த மாதங்களில் வளர்கிறது. மழை பொய்த்தால் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடிய துளை வழியே கார்பன் டை ஆக்சைடு வராது, ஓசோனும் வராது. மார்கழிப் பட்டத்துக் கடலை விழுது இறங்கிக் காய் பிடிக்கும் மாசி, பங்குனியிலோ ஓசோன் உச்சத்தில் இருக்கிறது. பாய்ச்சிய நீரால் துளைகளும் திறந்திருக்கின்றன.

உள்ளே போன ஓசோன் செல்சுவரின் ஈரத்தில் கரைந்து, வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளாகிறது. அவற்றைச் சமாளிக்கவே இலை தன் சர்க்கரையில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி குறைகிறது, இலை சீக்கிரம் முதிர்கிறது. வேருக்கும் காய்க்கும் போகும் பங்கு சுருங்குகிறது. வேர்க்கடலைக்கு இது இரட்டை அடி: தழைச்சத்தைப் பிடிக்கும் வேர்முடிச்சும், விலை போகும் காயும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

அடியிலையைப் பறித்துப் பாருங்கள். மஞ்சள் வளையத்தோடு வட்டமாகத் தெரிவது டிக்கா இலைப்புள்ளி. இலையின் மேற்புறத்தில் மட்டும், நரம்புகளுக்கு இடையே ஊசிமுனை அளவில் பழுப்புப் பொட்டுகள் தெளித்தாற்போல இருந்தால் ஓசோனைச் சந்தேகிக்கலாம். இரண்டையும் ஒன்றென எண்ணிப் பூஞ்சைக்கொல்லி அடித்தால் காசுதான் வீண்.

நாம் கைக்கொண்டிருக்கும் அளவுகோல்களிலும் குறை இருக்கிறது. ஓசோனால் 2005இல் இந்தியா 35 லட்சம் டன் கோதுமையையும் 21 லட்சம் டன் நெல்லையும் இழந்ததாக 2014இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இவ்வகை மதிப்பீடுகளுக்கு அடிப்படை ஐரோப்பாவில் உருவான ஏஓடி40 முறை. பகல்நேரக் காற்றில் ஓசோன் நூறு கோடிக்கு 40 பங்கைத் தாண்டும் அளவுகளை அது கூட்டிச் சொல்லும். துளை திறந்திருந்ததா என்று கேட்காது. அதன் கணக்கில் பாசனக் கொல்லையும் காய்ந்த கொல்லையும் ஒன்றே. 2009இல் வந்த இந்தியக் காற்றுத் தர வரம்போ எட்டு மணிநேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதாவது ஏறத்தாழ 50 பங்கு. சட்டப்படி தூய்மையான காற்றிலேயே பயிர் நலியக்கூடும்.

ஒரு மறுப்பும் எழும். பங்குனிப் பிற்பகலின் வறண்ட காற்றில், நீர் பாய்ந்த செடியும் துளையைச் சுருக்கும். ஓசோன் மிகுவதும் அந்நேரமே. உண்மைதான். அதனால்தான் காற்றில் உள்ளதை விட்டுவிட்டு, இலைக்குள் மணிக்கு மணி நுழைவதை அளக்க வேண்டும் என்கிறேன். பாசனக் கடலை கூடுதலாகவே காய்ப்பதால் இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

சோதிக்க வழி உண்டு. எத்திலீன் டையூரியா கரைசல் ஓசோன் பாதிப்பிலிருந்து செடியைக் காக்கும். அது விவசாயிக்கான மருந்தல்ல, ஆய்வுக் கருவி மட்டுமே. மின்சாரம் இல்லாத வயலிலும் பயன்படும். பாசனம், மானாவாரி இரண்டிலும் பாதிப் பாத்திகளுக்கு அதை ஊற்றி, மீதிக்கு வெறும் நீர் ஊற்ற வேண்டும். அறுவடையில் காயை உரித்துப் பருப்பை எடைபோட்டால், பாசனப் பாத்திகளின் வித்தியாசமே பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இல்லையென்றால் என் வாதம் தவறு.