கலங்கரை விளக்கங்களும் குடியேற்ற வரலாறும்

கரைதல் என்னும் சொல்லுக்கு அழைத்தல் என்றும் பொருளுண்டு. கலங்களை அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரத்திலேயே இடம்பெற்ற இச்சொல், நம் வட்டாரத்தின் குடியேற்ற வரலாற்றுக்கும் நன்கு பொருந்துகிறது.

1819-இல் பிரிட்டிஷ் துறைமுகமாக நிறுவப்பட்ட சிங்கப்பூரின் வாழ்வு கடலையே சார்ந்திருந்தது. உண்ணும் அரிசி கப்பலில் வந்தது; விளைந்த மிளகு கப்பலில் சென்றது; குடியேறியோரும் கடல்வழியே வந்தனர். ஆயினும், நீரிணையின் இரு வாயில்களிலும் பாறைகளும் திட்டுகளும் கப்பல்களுக்கு இடராக நின்றன.

கிழக்கு வாயிலில் உள்ளது பெட்ரா பிராங்கா பாறை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட வல்லுநர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் 1836-இல் மறைந்தபின், கான்டன் வணிகர்கள் அவர் நினைவாக நிதி திரட்டினர். அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சனின் மேற்பார்வையில் 1850-இல் கட்டுமானம் தொடங்கியது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அப்பாறையில் வேலை செய்ய இயலாது. எனவே, எஞ்சிய மாதங்களில், புலாவ் உபினில் செதுக்கிய கருங்கற்களைக் கொண்டுவந்து அடுக்கினர். 1851 அக்டோபரில் விளக்கு ஏற்றப்பட்டது.

மேற்கு வாயிலில், புலாவ் சாத்துமு என்னும் சிறு தீவில், ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்திற்கு 1854-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1855-இல் ஒளி பிறந்தது. இதனைக் கட்ட உழைத்தோர் இந்தியக் கைதிகள். 1825 முதல் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களைச் சேர்ந்த கைதிகள் இங்குத் தண்டனை கழித்தனர். சாலைகளும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் உழைப்பில் எழுந்தவையே. 1873-இல் இம்முறை முடிவுற்றது.

பின்னர், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்த கப்பல்கள் இந்த மேற்கு வாயிலைக் கடந்தே துறைமுகம் சேர்ந்தன. 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ராஜுலா’வில் வந்தோர் பலரை இன்றும் நம் குடும்பங்கள் நினைவுகூர்கின்றன. விலங்குடன் வந்தோர் எழுப்பிய விளக்கு, விலங்கின்றி வந்தோருக்கு வழிகாட்டியது.

இரு விளக்கங்களும் ஹார்ஸ்பர்க், ராஃபிள்ஸ் என்னும் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. கல் சுமந்தோர் பெயர் எதிலும் இல்லை. முன்னோடிகள் யாவர் என்று வகுப்பறையில் வினவும்போது, தோட்டத்தையும் கடைவீதியையும் கூறும் நாம், அக்கைதிகளையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். அவர்கள் விரும்பி வந்தவரல்லர். எனினும், பிறர் வந்து வாழ வழி செய்தவர்கள்.