இலக்கும் அளவுகோலும்: கலிஃபோர்னியாவின் திடக்கழிவுச் சட்டங்கள், 1989–2025

நகரத் திடக்கழிவைக் குறைக்க மாநில அரசுகள் இயற்றும் சட்டங்களை அவற்றின் இலக்கு எவ்வளவு உயரமானது என்பதை வைத்தே பலரும் எடைபோடுகிறார்கள். 50 விழுக்காடு, 75 விழுக்காடு என்னும் எண்கள் எளிதில் கவனம் ஈர்க்கின்றன. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது, அதை எட்டும் கடமை யார் தலையில் விழுகிறது என்ற இரண்டு கேள்விகளே சட்டத்தின் பயனைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்குத் தெளிவான சான்று.

திருப்புதல் என்னும் கணக்கு

1989இல் நிறைவேறிய ஒருங்கிணைந்த கழிவு மேலாண்மைச் சட்டம் (ஏபி 939) கழிவைக் கையாளும் வழிகளை வரிசைப்படுத்தியது. கழிவு உண்டாவதையே குறைப்பது முதலில், மறுசுழற்சியும் மட்குரமாக்கலும் அடுத்து, எரிப்பதும் புதைப்பதும் கடைசியில். 1995க்குள் கழிவில் 25 விழுக்காட்டையும் 2000க்குள் 50 விழுக்காட்டையும் குப்பை புதைக்கும் கிடங்குக்குப் போகாமல் திருப்ப வேண்டும் என்பது நகராட்சிகளுக்கும் கவுண்டிகளுக்கும் விதிக்கப்பட்ட கடமை. தவறினால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம். இந்த அச்சம் இருந்ததால் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. தரம் பிரித்த குப்பையை வாசலில் வந்து எடுக்கும் முறையும் பிரிப்பு நிலையங்களும் மாநிலமெங்கும் பரவின. இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

சிக்கல் கணக்கில் இருந்தது. கிடங்கில் கொட்டிய குப்பையை அன்றாடம் மண்ணால் மூட வேண்டும். மண்ணுக்குப் பதிலாகத் தோட்டக் கழிவைப் பரப்பினால் அதுவும் ‘திருப்பப்பட்டது’ என்றே எண்ணப்பட்டது. கிடங்குக்குள்ளேயே கிடந்து மட்கிய தழை, ஏட்டில் கிடங்குக்கு வராத கழிவாயிற்று. 2014இல் இயற்றிய சட்டம் 2020 முதல்தான் இந்தச் சலுகையை நீக்கியது. கப்பலேறிச் சீனாவுக்குப் போன கலப்புக் காகிதமும் நெகிழியும் அவ்வாறே. அங்கே அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்காமலே மறுசுழற்சிக் கணக்கில் சேர்த்தார்கள்.

2011இல் வந்த ஏபி 341 என்னும் சட்டம், 2020க்குள் 75 விழுக்காடு என்று இலக்கை உயர்த்தியது. கூடவே அளவுகோலும் இறுகியது. கிடங்கை மூடப் பயன்படுத்திய பொருளும் எரித்த கழிவும் மறுசுழற்சியில் சேரா. அதுவரை சுமார் 65 விழுக்காடு திருப்பியதாகச் சொல்லிவந்த மாநிலம், புதிய கணக்கில் 50 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. 2018இல் சீனா கழிவு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2019இல் மறுசுழற்சி விகிதம் 37 விழுக்காடு. இலக்கு உயர்ந்த காலத்திலேயே விளைவு சரிந்தது.

கடமை யாருடையது?

1989 சட்டத்தின் வரிசையில் முதலிடம் பெற்ற ‘குறைத்தல்’ நடைமுறையில் பின்தங்கியதற்குக் காரணம் உண்டு. நகராட்சியால் குப்பையைப் பிரிக்க முடியும். ஒரு பிஸ்கட் உறையை எந்தப் பொருளால் செய்வது என்று அதனால் முடிவு செய்ய முடியாது. தண்டனை ஓரிடத்தில், முடிவெடுக்கும் அதிகாரம் வேறிடத்தில் என்றால் சட்டம் பாதிதான் செயல்படும். 2016இன் எஸ்பி 1383 இதே இடரைச் சந்தித்தது. மட்கும் கழிவு கிடங்கில் மீத்தேனாக மாறுவதைத் தடுக்க, அதைப் புதைப்பதை 2025க்குள் 2014ஆம் ஆண்டு அளவிலிருந்து 75 விழுக்காடு குறைக்கச் சொன்னது அச்சட்டம். நோக்கம் உயர்ந்தது. ஆனால் உரக்களங்களும் நிதியும் போதாமல் உள்ளாட்சிகள் திணறின. 2023இல் மாநிலத்தின் லிட்டில் ஹூவர் ஆணையம் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது.

2022இன் எஸ்பி 54 கடமையை இடம் மாற்றியது. 2032க்குள் உறைகள் அனைத்தும் மறுசுழற்சிக்கோ மட்குவதற்கோ ஏற்றவையாக இருக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழி உறைகள் 25 விழுக்காடு குறைய வேண்டும். செலவு உற்பத்தியாளருடையது. குறைத்தலுக்குத் தனி எண் வைத்ததே இதன் சிறப்பு.

இச்செலவு கடைசியில் நுகர்வோர் தலையில்தானே விழும் என்பது முக்கியமான மறுப்பு. 2025 மார்ச்சில் ஆளுநர் நியூசம், செலவைக் காரணம் காட்டியே இச்சட்டத்தின் வரைவு விதிகளைத் திருப்பி அனுப்பினார். மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் மக்கள் இன்றும் குப்பைக் கட்டணமாக அந்தச் செலவைச் செலுத்தியே வருகிறார்கள். குறைவாக உறையிடும் நிறுவனத்துக்கும் மிகுதியாக உறையிடும் நிறுவனத்துக்கும் அக்கட்டணம் வேறுபாடு காட்டுவதில்லை. உற்பத்தியாளர் கட்டணம் காட்டும். உறையை மாற்ற அதுவே தூண்டுதல்.

மூன்று முடிவுகள் இதிலிருந்து கிடைக்கின்றன. விழுக்காட்டை அறிவிக்கும் முன் எது மறுசுழற்சி என்பதைச் சட்டமே வரையறுக்க வேண்டும். ஆளொருவருக்கு எத்தனை கிலோ புதைக்கப்படுகிறது என்பதை எடைமேடையில் அளந்து, அது ஆண்டுதோறும் குறைவதையே வெற்றியாகக் கொள்ள வேண்டும். எவருக்குப் பொருளை மாற்றும் ஆற்றல் உண்டோ அவரிடமே கடமையை ஒப்படைக்க வேண்டும். இவை இல்லாத சட்டம் எவ்வளவு பெரிய இலக்கை அறிவித்தாலும் குப்பையின் கணக்கை மாற்றுமேயன்றிக் குப்பையைக் குறைக்காது.