சென்னைக் கலங்கரை விளக்கங்கள்

சென்னைக் கலங்கரை விளக்கம் மெரினா கடற்கரையை ஒட்டிய காமராசர் சாலையில் அமைந்துள்ளது. 1977 சனவரி 10 முதல் இயங்கிவரும் இது இந்நகரின் நான்காவது கலங்கரை விளக்கம் ஆகும். முந்தைய மூன்றில் முதலாவது புனித ஜார்ஜ் கோட்டையிலும், மற்ற இரண்டும் கோட்டைக்கு வடக்கே இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்திலும் எரிந்தன. அக்கட்டடங்கள் மூன்றும் இன்றும் நிற்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்று மட்டுமே விளக்குக்கென்று கட்டப்பட்டது. மற்ற இரண்டிலும் விளக்கு வேறொரு கட்டடத்தின் உச்சியில் குடியிருந்தது.

கலம் என்பது கப்பல். கரைதல் என்பது அழைத்தல். கலங்களை அழைக்கும் விளக்கு என்ற பொருளுடைய இச்சொல் சிலப்பதிகாரத்திலேயே காணப்படுகிறது.

துறைமுகம் இல்லாத பட்டினம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் திறந்த கடலில் நங்கூரமிட்டன. ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தனர். இப்படகின் பலகைகள் ஆணி இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுப்பதற்காகவே அந்த அமைப்பு. கரையோ தாழ்வான மணல்வெளி. இரவில் வரும் மாலுமிக்கு அடையாளம் காட்டக் குன்று எதுவும் கடலோரத்தில் இல்லை. இந்த நிலையில் ஆங்கிலேயர் இங்குக் குடியேறி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகே முதல் விளக்கு ஏற்றப்பட்டது என்பது வியப்புக்குரியது.

கோட்டையின் மாடியில்

1796இல் கோட்டைக்குள் இருந்த வணிகர் பரிமாற்றக் கட்டடத்தின் மொட்டை மாடியில் முதல் விளக்கு அமைந்தது. தேங்காய் எண்ணெயில் எரியும் பன்னிரண்டு விளக்குகளும், ஒளியைக் கடல் பக்கம் திருப்பும் கண்ணாடிகளும் அதில் இருந்தன. அக்கட்டடமே இன்று கோட்டை அருங்காட்சியகமாக உள்ளது.

டோரிக் தூண்

இரண்டாவது விளக்கே இவ்வரிசையில் கட்டடக்கலைச் சிறப்பு மிக்கது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே. டி. சுமித் இதை வடிவமைத்தார். 1838இல் வேலை தொடங்கியது. 1844 சனவரி 1 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. பண்டைய கிரேக்கரின் டோரிக் பாணியில் அமைந்த, சுமார் 38 மீட்டர் உயரமுள்ள ஒற்றைத் தூண் இது. பல்லாவரத்துக் கருங்கல்லால் ஆனது. கிரேக்கக் கோயில்களில் இத்தகைய தூண் கூரையைத் தாங்கும். இங்குத் தாங்க வேண்டியது விளக்குக்கூண்டு மட்டுமே. மேலே செல்லச் செல்ல மெலியும் வடிவமும் எளிய தலைப்பகுதியும் அலங்காரம் இல்லாமலேயே கம்பீரம் தருகின்றன.

இதில் ஆர்கண்ட் விளக்குகள் எரிந்தன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆர்கண்ட் 1780இல் கண்டுபிடித்த இவ்விளக்கின் திரி குழாய் வடிவமானது. திரியின் உள்ளும் புறமும் காற்று செல்வதால், புகை குறைந்து வெளிச்சம் பல மடங்கு கூடுகிறது.

ஐம்பது ஆண்டுகள் எரிந்த பின் தூணுக்கு ஓய்வு வந்தது. பக்கத்திலேயே அதைவிட உயரமான கட்டடம் எழும்பியதே காரணம். தூண் இன்று உயர் நீதிமன்றத்தின் பாதுகாப்பு வளையத்துக்குள் இருப்பதால், நகர மக்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. விளக்குக்கென்றே கட்டப்பட்ட பழைய கட்டடம் இது ஒன்றுதான் என்பதால் இந்த மறதி வருந்தத்தக்கது.

நீதிமன்றத்தின் உச்சியில்

இந்தோ சாரசெனிக் பாணியில் கட்டப்பட்ட உயர் நீதிமன்றம் 1892இல் திறக்கப்பட்டது. அதன் மிக உயர்ந்த கோபுரத்தில் 1894 சூன் 1 முதல் மூன்றாவது விளக்கு எரிந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 175 அடி உயரம். தனியாகக் கோபுரம் கட்டும் செலவு மிச்சமானது. இதற்குள் செயற்கைத் துறைமுகமும் உருவாகிவந்தது. 1875இல் தொடங்கிய அப்பணியை 1881 நவம்பர் புயல் சிதைத்ததால், மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு இவ்விளக்கின் வரலாற்றில் விசித்திரமானது. உலகப்போர் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியும் நகரம் இருட்டடிப்புச் செய்யப்படவில்லை; கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் எரிந்தது. நண்பனுக்கு வழிகாட்டும் ஒளி பகைவனுக்கும் வழிகாட்டியது. செருமானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தை நெருங்கி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிப் பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளை எரித்தது. குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் உள்ளது. கெட்டிக்காரனை 'எம்டன்' என்று அழைக்கும் பேச்சு வழக்கும் அந்த இரவு தந்ததே.

மெரினா கோபுரம்

இன்றைய விளக்கு, சிவப்பும் வெள்ளையும் பூசிய முக்கோணக் கான்கிரீட் கோபுரத்தில் உள்ளது. ஒளிமூலம் கடல் மட்டத்திலிருந்து 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமியின் வளைவால், அவ்வுயரத்திலிருந்து தொடுவானம் சுமார் 27 கிலோமீட்டர் தொலைவில் அமைகிறது. ஒளி எட்டும் தூரம் 28 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 52 கிலோமீட்டர். கடல்மட்டத்தையொட்டிச் செல்லும் கட்டுமரத்துக்கு அவ்வளவு தொலைவில் விளக்கு தெரியாது. உயரமான மேல்தளம் கொண்ட கப்பலே வெகு தொலைவிலிருந்து காணும்.

கலங்கரை விளக்கங்களில் அரிதாகவே காணப்படும் மின்தூக்கி இக்கோபுரத்தில் உண்டு. பாதுகாப்புக் காரணங்களால் பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்த கோபுரம், 2013 நவம்பர் 14 அன்று பார்வையாளர்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அதன் ஒன்பதாம் தளத்திலிருந்து மெரினாவைக் காணலாம்.